தாய் தூங்கிவிட்டாள் என்று சொன்னவன்

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் நான் கதை சொல்ல ஆரம்பித்தேன். அதுவரை தாலுகா ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவன். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைச் சரிபார்த்து மேலே அனுப்புவதுதான் என் வேலை. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேசியவன் இல்லை.

ஓமலூரில் காலை நடைக்கு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து போவோம். நடக்கும்போது பேச ஏதாவது வேண்டுமே என்று, ஐவருக்கும் நூற்றுவருக்கும் நடந்த சண்டைக் கதையிலிருந்து தினம் ஒரு துண்டை எடுத்துச் சொல்வேன். ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பல வருஷம் அதையேதான் திரும்பத் திரும்பப் படித்திருந்தேன். எங்களில் ஒருவர் உரக்கடை வைத்திருப்பவர். அவர்தான், "இதையே போன்ல பேசி அனுப்புங்க, எங்க ஊட்டுல இருக்கறவங்களும் கேப்பாங்க" என்றார். மறுநாளே ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி என்னையும் சேர்த்துவிட்டார்.

பெங்களூரில் இருக்கும் என் மகள், சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக் ஒன்றை அனுப்பிவைத்தாள். பீரோ இருக்கும் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவேன். அந்தப் பத்து நிமிஷம் என் மனைவி மிக்சி போடக்கூடாது, குக்கர் வைக்கக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசக்கூடாது. இட்லிக்குச் சட்னி தாமதமாவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள், "முப்பது வருஷமா ஊட்டுல பேசாத பேச்செல்லாம் அந்த மைக்குக்குள்ள போகுது" என்றாள்.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் 'இன்றைய பாடம்' என்று ஒன்று சொல்வேன். அது நானாகச் சேர்த்தது. சூதாட்டம் சொன்ன அன்று, தோற்க ஆரம்பித்ததும் எழுந்துவிடத் தெரிந்தவன்தான் பிழைப்பான் என்றேன். கண் தெரியாத அரசனைச் சொன்ன அன்று, பிள்ளைப் பாசத்துக்கு ஓர் அளவு வேண்டும் என்றேன். கண்ணைக் கட்டிக்கொண்ட அவன் மனைவியைச் சொன்னபோது, பார்க்க வேண்டிய ஒருத்தியும் பார்க்க மறுத்தால் குடும்பம் என்னவாகும் என்று கேட்டு நிறுத்தினேன். கூப்பிய கைகளும் தாமரைப் பூக்களுமாகப் பதில் வந்து விழும். குரூப் ஒன்று நாலானது. தாரமங்கலம், சங்ககிரி, ராசிபுரம் என்று நான் பார்த்தே இராதவர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் மளிகைச் சாமான் வாங்கப் போனபோது, கடைக்காரர் என் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்து, "கதை சொல்றவர்தானுங்களே" என்று கேட்டார். அன்றைக்குப் பஸ்ஸில் கூட்டத்தில் நின்றுகொண்டே வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

போரின் பதிமூன்றாம் நாள் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த கதை. சக்கரம் போலச் சுழன்று நிற்கும் படைக்குள் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தனியாக நுழைகிறான். நுழைய அவனுக்குத் தெரியும். வெளியே வரத் தெரியாது. உள்ளே பெரிய வீரர்கள் எல்லாம் சேர்ந்து அவனைக் கொன்றுவிடுகிறார்கள். ஏன் அவனுக்கு வெளியே வரத் தெரியவில்லை? அவன் தாயின் வயிற்றில் இருந்தபோது, தகப்பன் அவளிடம் அந்த வியூகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நுழையும் வழியைச் சொல்லி முடித்து, வெளியே வரும் வழிக்குப் போவதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. அவள் தூங்கியதைப் பார்த்து அவன் நிறுத்திவிட்டான். வயிற்றுப் பிள்ளை பாதிதான் கேட்டது.

இந்தப் பகுதியை நான் இரண்டு தடவை பதிவு செய்தேன். முதல் தடவை பையன் தேர்ச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் எனக்கே குரல் கம்மிவிட்டது. இரண்டாவது தடவை நன்றாக வந்தது. கடைசியில் பாடம் சொன்னேன். "அந்தத் தாய் இன்னும் கொஞ்ச நேரம் விழித்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருப்பான். பெற்றவர்கள் கண் அசரும் நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு ஆபத்து வருகிறது." சொல்லிவிட்டு நானே ஒரு முறை போட்டுக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுவரை அனுப்பியதிலேயே அதிகம் பேர் கேட்டதும் அடுத்தவருக்கு அனுப்பியதும் அதைத்தான் என்று உரக்கடைக்காரர் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண் குரல். பின்னால் தறி ஓடும் சத்தம்.

"ஏனுங்க, கதை சொல்றவருங்களா?"

ஆமாம் என்றேன். தினமும் கேட்பதாகச் சொன்னார். இளம்பிள்ளையில் இருந்து பேசுவதாகவும், என் எண்ணைக் குரூப்பில் பார்த்து எடுத்ததாகவும் சொன்னார். இப்படி எனக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று அழைப்பு வரும். பாராட்டப் போகிறார் என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"அந்த அம்மா தூங்காம முழிச்சிருந்தா, பையன் பொழைச்சிருப்பானுங்களா?"

"கண்டிப்பா பொழைச்சிருப்பான்மா. முழுசாக் கேட்டிருப்பான் இல்ல" என்றேன்.

"சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

என் மனைவியிடம் சொன்னேன், இளம்பிள்ளையில் ஒருத்தர் கதையை எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறார் பார் என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அத்தனை பெரிய கதையில் அந்தம்மா ஏன் அதை மட்டும் கேட்டார் என்று அவள் கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் அதே எண்ணிலிருந்து ஓர் ஆண் பேசினார். அந்த அம்மாளின் கணவர். சண்டை போடக் கூப்பிடவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "அவ நேத்துல இருந்து ஒரு பொட்டுக் கண்ணை மூடலீங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்றார். நான் சொன்னதைச் சொன்னேன். பிறகு தன் மகனைப் பற்றிச் சொன்னார்.

ஒரே பையன். இருபத்திரண்டு வயது. லைசென்ஸ் எடுத்துச் சங்ககிரியில் ஒரு லாரியில் இரண்டாவது டிரைவராகச் சேர்ந்திருக்கிறான். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனான். நாக்பூர் தாண்டியதும் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறான். லோடு இறக்குகிற இடத்தில் வண்டி இரண்டு நாள் வரிசையில் நின்றது. பெரிய டிரைவர் ரசீது விஷயமாக ஆபீசுக்குள் போயிருந்த நேரத்தில், காலை பதினோரு மணி வாக்கில், பையன் கேபினில் படுத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறான். மூன்று முறை. அம்மா அந்த மாதம் ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டு, போனைச் சத்தம் குறைத்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். இரண்டரை மணிக்கு எழுந்து பார்த்துத் திரும்பக் கூப்பிட்டபோது அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. பெரிய டிரைவர் திரும்பி வந்து பார்க்கையில் பையனுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் போய்விட்டான்.

"அவ போனை எடுக்காததைப் பத்தி ஊர்ல ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. நானும் சொன்னதில்லை. எட்டு மாசமாச் சொல்லாம வெச்சிருந்தோம்" என்றார் அவர். தப்பாப் போச்சுங்க, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னேன். பரவாயில்லைங்க என்று வைத்துவிட்டார்.

'கண்டிப்பா' என்று நான் சொன்ன அந்தச் சொல் காதுக்குள்ளேயே நின்றது. ஆபீசில் இருந்த காலத்தில் ஒரு விண்ணப்பத்துக்குக்கூட நான் கண்டிப்பாக ஆகும் என்று சொன்னதில்லை. பார்க்கலாம் என்பேன், மேலே அனுப்பியிருக்கிறது என்பேன். எங்கோ ஒரு தாய் கேட்டதற்கு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கண்டிப்பா என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் அந்தப் பதிவை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். நாள் கடந்துவிட்டதால், எல்லோரிடமிருந்தும் நீக்கும் வசதி வேலை செய்யவில்லை. என் போனில் மட்டும்தான் அழிந்தது. தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று நாலு குரூப்பிலும் எழுதினேன். ஏன், என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அந்தக் குடும்பத்தின் துக்கத்தை எடுத்து அங்கே போட முடியுமா? ஒரு தவறு இருக்கிறது என்றேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தவறு ஒன்றும் இல்லை, கதை அப்படித்தான் இருக்கிறது, இந்தக் காலத்துத் தாய்மார்களுக்கு வேண்டிய பாடம் என்று நீளமாக எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அந்த வாரக் கடைசியில் ராசிபுரத்தில் இருக்கும் என் மைத்துனி எனக்கே அதை அனுப்பினாள். யாரோ அதற்குப் புல்லாங்குழல் சேர்த்து, ஒரு தாயும் குழந்தையும் இருக்கும் படத்தை ஒட்டி, என் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். மாமா, குரல் உங்களுடையது மாதிரியே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தாள்.

நேரில் போய்ப் பாருங்கள் என்று என் மனைவிதான் சொன்னாள். போய் என்ன சொல்வது என்று கேட்டேன். அது போனால்தானே தெரியும் என்றாள்.

எனக்கு வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது. ஏதாவது ஒரு ஆதாரத்தை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று பட்டது. சேலத்தில் ஒரு நூலகத்துக்குப் போய், கதையின் பழைய உரைநடை மொழிபெயர்ப்பை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் தேடினேன். பதிமூன்றாம் நாள் பகுதியை வரி வரியாகப் பார்த்தேன். அதில் தூக்கம் இல்லை. வயிற்றில் இருந்தபோது கேட்டான் என்பதும் இல்லை. உள்ளே நுழையத்தான் தகப்பன் சொல்லிக்கொடுத்தார், வெளியே வரச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அந்தப் பையனே பெரியப்பாவிடம் சொல்கிறான். அவ்வளவுதான். தாய் தூங்கியது பின்னால் வந்த கதைசொல்லிகள் சேர்த்தது போலிருக்கிறது. எனக்குப் பெரிய நிம்மதி. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். காணாமல் போன பத்திரம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

தாரமங்கலம் போய் அங்கிருந்து பஸ் மாறி இளம்பிள்ளைக்குப் போனேன். கணவர் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். வீட்டின் முன்பாதியில் நாலு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அது இவர்களுடையது இல்லை. பின்பாதியில்தான் இவர்கள் குடியிருந்தார்கள். பேச வேண்டுமென்றால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்து சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. என் மகளைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுதான் மூத்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்க சாமி என்று சொல்லி டீ போடப் போனார். சுவரில் பையன் படத்துக்குக் கீழே அவன் லைசென்ஸ் அட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மாட்டியிருந்தது.

டீ குடிக்கும்வரை மழை, பஸ், என் ஊர் என்று பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நான் ஜெராக்சை எடுத்துப் பிரித்தேன். நான் சொன்னது தப்பு என்றும், பழைய கதையில் தாய் தூங்கவே இல்லை என்றும், பின்னால் வந்தவர்கள் அதைச் சேர்த்திருக்கிறார்கள் என்றும் விளக்கினேன். அந்த வரிகளை விரல் வைத்துப் படித்தும் காட்டினேன். அவர் குஞ்சம் கட்டுவதை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

"பின்னால வந்தவங்க சேர்த்தாங்களா?"

"ஆமாம்மா."

"எதுக்குங்க சேர்த்தாங்க?"

பையன் ஏன் செத்தான் என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதால் சேர்த்திருப்பார்கள் என்று சொன்னேன்.

"காரணம்னு தேடிப் போனா அம்மாதானுங்க கெடைச்சிருக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நூலை எடுத்து மறுபடி முடிபோட ஆரம்பித்தார்.

கையில் விரித்த காகிதத்தோடு உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தக் காகிதம் எனக்கு எவ்வளவு பலமாக இருந்தது. இப்போது அதை மடிப்பதா அப்படியே வைத்திருப்பதா என்றுகூடத் தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"நீங்க சொல்லாட்டியும் எனக்குத் தெரியுமுங்க. எனக்குள்ள இருந்ததை நீங்க வெளிய சொன்னீங்க. அவ்வளவுதான்."

நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த வேறு வழியெல்லாம் முயன்று பார்த்தேன். போனை எடுத்திருந்தாலும் இங்கிருந்து அவர் என்ன செய்திருக்க முடியும், பாஷை தெரியாத ஊர், காய்ச்சல் முற்றிப் போயிருக்கும், டாக்டரால்கூட முடியவில்லையே என்றேன். கணவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் அவரும் பலமுறை சொல்லியிருப்பார் என்று அந்தத் தலையாட்டலில் தெரிந்தது.

"அது இருக்கட்டுங்க. அவன் என்ன சொல்லக் கூப்பிட்டான்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு. காய்ச்சல்னு சொல்லவா, பணம் போட்டுட்டேன்னு சொல்லவா, சும்மாவா. மூணு வாட்டி கூப்பிட்டிருக்கான்" என்றார்.

அப்போது அவர் மடியில் இருந்த போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். எனக்கும் கேட்டது. ஏதோ சலுகை, ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று பதிவுசெய்த பெண் குரல். அவர் அதைத் துண்டிக்கவில்லை. குரல் தானாக முடிகிற வரை கேட்டுவிட்டுப் போனை மடியில் வைத்தார். எந்த அழைப்பையும் அவர் இப்போது நடுவில் வைப்பதில்லை என்று கணவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

கிளம்பும்போது, அந்தப் பதிவை அழித்துவிடச் சொல்லி அந்த அம்மாளிடம் கேட்டுக்கொண்டேன். மாட்டேன் என்றார். அதை அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பையன் தேர்ல ஏறுற இடத்தை ரொம்ப நல்லாச் சொல்லியிருக்கீங்க. சிரிச்சுக்கிட்டே ஏறுறான்னு வருது பாருங்க. உள்ள போற வரைக்கும் கேப்பேனுங்க. போனதும் நிறுத்திடுவேன்."

நான் அப்படிச் சொன்னேனா என்பதே எனக்கு நினைவில்லை. பாடத்தைத்தான் நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். பையன் சிரித்தது தானாக வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு திருத்தத்தைப் பதிவு செய்தேன். பழைய கதையில் தாய் தூங்கவில்லை, நான் சொன்ன பாடம் தவறு, எந்தத் தாய் மேலும் அப்படிப் பழி போடக்கூடாது என்று மூன்று நிமிஷம் பேசினேன். நாலு குரூப்பிலும் சேர்த்து முப்பது நாற்பது பேர் கேட்டிருப்பார்கள். பாடம் சொன்ன பதிவு நூல் அறுந்த பட்டம் மாதிரி எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. திருத்தம் போட்ட இடத்திலேயே கிடந்தது. உரக்கடைக்காரர் மட்டும் கூப்பிட்டு, "எதுக்குங்க இவ்வளவு வருத்தப்படறீங்க, கதைதானுங்களே" என்றார். அடுத்த பகுதி எப்போது என்றும் கேட்டார்.

அடுத்த பகுதியைச் சொல்ல ஐந்தாறு தடவை உட்கார்ந்தேன். மின்விசிறியை நிறுத்துவேன், மைக்கை மாட்டுவேன். மகன் செத்த செய்தியைத் தகப்பனுக்கு எப்படிச் சொல்வது என்று பாசறையில் எல்லோரும் தலைகுனிந்து நிற்கும் இடம் அது. அவன் கேட்கிறான், யாரும் பதில் சொல்வதில்லை. அதுவரை வந்துவிட்டு நானும் நின்றுவிடுவேன். கடைசியில் என்ன பாடம் சொல்வது? ஒன்றும் இல்லாமல் முடித்தால் முடிந்த மாதிரியே இல்லை. அடுப்படியில் என் மனைவி மிக்சி போடாமல் காத்துக்கொண்டிருப்பாள். அரை மணி கழித்து வெளியே வந்து, போட்டுக்கோ என்பேன்.

புரட்டாசியில் கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண மண்டபத்தில் ஒரு மணி நேரம் நேரில் பேச வேண்டும் என்றார்கள். அதே பதிமூன்றாம் நாள் கதைதான் வேண்டும் என்றார்கள். முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு, நாலு பேருக்கு முன்னால் சரியாகச் சொல்ல இது ஒரு வாய்ப்பு என்று தோன்றி ஒத்துக்கொண்டேன். 'இதிகாசம் காட்டும் வாழ்க்கைப் பாடங்கள்' என்று பேனர் அடித்துவிட்டார்கள். அதை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருக்கும், முக்கால்வாசி பெண்கள். கதையைப் பழைய ஏட்டில் இருந்தபடியே சொன்னேன். தகப்பன் பாதிதான் கற்றுக்கொடுத்திருந்தான், பெரியவர்கள் அது தெரிந்தும் பையனை அனுப்பினார்கள், பின்னாலேயே வருகிறோம் என்று சொன்னவர்களால் வர முடியவில்லை. தாயைப் பற்றி, அவள் அழுதாள் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. பாடமும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பாடம் வராததால் எப்போது கைதட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கமிட்டித் தலைவர் மைக்கை வாங்கினார். நல்ல மனிதர். அன்னதானத்துக்கு அவர் கையிலிருந்துதான் அரிசி மூட்டைகள் வந்திருந்தன. ஐயா நேரமின்மையால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார், நான் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். வயிற்றுப் பிள்ளை கேட்டது, தாய் தூங்கியது, எல்லாம் சொன்னார். என்னுடைய பதிவில் இருந்த வாசகங்களை ஒன்று விடாமல் அப்படியே சொன்னார். பெற்றவர்கள் கண் அசரும் நேரத்தில்தான் ஆபத்து என்றபோது பெண்கள் தலையாட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு சின்னப் பெண், மடியில் கைக்குழந்தையோடு தூணில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். தலைவர் அவளைப் பார்த்துவிட்டார்.

"இங்கயே ஒரு அம்மா தூங்கறாங்க பாருங்க" என்றார்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி எழுப்பினாள். அவள் திடுக்கிட்டு விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாகக் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் காதில் சொன்னதும் முகம் சுருங்கிப்போய்க் குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மைக் எனக்கு ஒரு முழம் தூரத்தில்தான் இருந்தது. எழுந்து, அது அப்படி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இளம்பிள்ளையில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணைத் தூங்க விடுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

என் மனைவியும் பின் வரிசையில் இருந்தாள். நடந்தே வீட்டுக்கு வந்தோம். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போது, "நீங்க எந்திரிச்சு சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் கமிட்டியிலிருந்து போன் செய்தார்கள். நிகழ்ச்சி ரொம்ப நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொல்கிறார்களாம், அடுத்த வருஷமும் நான்தான் வர வேண்டுமாம். பார்க்கலாம் என்று சொன்னேன்.